அம்மா விரித்த துபாய்த் துணி

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. அம்பாசமுத்திரத்தில் சாரல் பிடித்திருந்த நேரம். எனக்கு இருபத்தொன்பது வயது. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எத்தனையாவது கூட்டம் என்று எண்ணுவதை நான் விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. புடவையைக் கட்டு, தலை நிறையப் பூ வை, தட்டை எடுத்துக்கொண்டு வா, நிமிர்ந்து பார்க்காதே, ரொம்பவும் குனிந்து நிற்காதே. போதும்டா சாமி என்று இருந்தது. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அதனால் சொல்லவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா, அண்ணன், நான். அப்பா தவறிப் பல வருஷம் ஆயிற்று. அண்ணன் துபாயில் விமானம் பழுது பார்க்கிற பட்டறையில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தான். அவனுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தங்கச்சி கல்யாணம் முடியாமல் தனக்கு எப்படிப் பார்ப்பது என்று அவனும் காத்துக் கிடந்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படிக் காத்துக் கிடந்தால் அந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கக்கூட யோசனையாக இருக்கும்.

ஆனால் அவன் சும்மா கிடக்கிற ஆள் இல்லை. அமெரிக்காவில் ஆட்கள் தங்கள் வீட்டிலேயே சின்ன விமானம் கட்டிப் பறக்கிறார்களாம். அதற்கான வரைபடப் புத்தகத்தைத் தபாலில் வரவழைத்து வைத்திருந்தான். இரண்டு பேர் உட்காருகிற விமானம். நுரைப் பலகையை இறக்கை வடிவத்தில் வெட்டி, அதன்மேல் கண்ணாடி நாரில் நெய்த துணியைப் போட்டு, பிசின் தடவிக் காயவிட்டால் கல் மாதிரி இறுகிவிடும் என்றான். நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. எங்கள் தெருவும் சிரிக்கத்தான் செய்தது.

அந்தப் புத்தகத்தில் விமானமெல்லாம் பிற்பாடுதான் வருகிறது. முதல் வேலை மேசை. இறக்கையை அந்த மேசைமேல் வைத்துத்தான் செய்ய வேண்டும். மேசை ஒரு நூல் கோணினால் இறக்கையும் கோணும். கோணின இறக்கையோடு மேலே போனவன் ஒழுங்காகக் கீழே வரமாட்டான். அதனால் பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலத்துக்கு, அசையாத ஒரு மேசை வேண்டும். அவ்வளவு நீளமான இடம் எங்கள் வீட்டில் முன்கூடம் மட்டும்தான். சாரல் காற்று உள்ளே வராத இடமும் அதுதான். ஈரம் பட்டால் பிசின் சரியாக இறுகாதாம். மாடத்து விளக்குக்கு நேர் எதிரே மேசை ஏறிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் எடுபிடியாகத்தான் நின்றேன். ஆணியை எடு, ரசமட்டத்தை எடு என்பான். அப்புறம் எப்படியோ நானும் உள்ளே இறங்கிவிட்டேன். மேசையின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நைலான் நூலை இழுத்துக் கட்டுவோம். நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமல் இருந்தால் மேசை முறுக்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இடைவெளி தெரிந்தால் ஒரு காலுக்கு அடியில் சீட்டுக்கட்டுச் சீட்டைச் செருக வேண்டும். அண்ணன் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பான். நான் மேலே குனிந்து, கண்ணை நூலோடு வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு சீட்டு, இல்லை பாதி போதும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பி.எஸ்சி. படித்து முடித்து எட்டு வருஷத்தில் ஒருவர் என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டு, அதன்படி நடந்தது அப்போதுதான். சாயங்காலம் இடுப்பு விட்டுப் போகும். ஆனாலும் படுத்தால் தூக்கம் வந்தது. வெறுமனே வீட்டில் இருந்த நாட்களில் வராத தூக்கம்.

மட்டம் சரியானதும், கார் டிங்கர் வேலைக்குப் பூசுகிற பட்டியைக் குழைத்து, மேசைக் கால்களைத் தரையோடு ஒட்டிவிட்டான். புத்தகத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தது. அம்மா பார்த்துப் பார்த்துப் போட்ட சிவப்புச் சிமெண்டுத் தரை. இனி அந்த மேசையை எடுக்க வேண்டுமானால் கடப்பாறையால் பெயர்த்துத்தான் எடுக்க முடியும்.

அப்புறம் அந்தத் துணி. துபாயில் இருந்து அண்ணன் கொண்டுவந்த உருளை, பழுப்புத் தாளில் சுற்றி மேசைக்கு அடியில் இருந்தது. நானும் அவனும் அதில் சில துண்டுகளை வெட்டிப் பிசின் தடவிப் பழகிப் பார்த்தோம். வெட்டின ஓரத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத நார் உதிரும். தோலில் ஏறினால் அரிப்பு உயிர் போகும். என் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவந்து தடித்துக் கிடந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் கண்ணாடி நாரை வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் அன்றைக்கே வாய்க்காலில் தூக்கிப் போட்டிருப்பாள். அதனால் அண்ணன் அவளிடம், “அது துணிம்மா, தொடாத, அழுக்காயிரும்” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான்.

துணி என்றால் அம்மாவுக்கு என்ன அர்த்தம்? கல்யாண வயது தாண்டின பெண் இருக்கிற வீட்டில், துபாயில் இருந்து மகன் ஒரு துணியைக் கொண்டுவந்து, யாரும் தொடக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான். என் கல்யாணத்துக்கு வாங்கின துணிதான் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். எங்களிடம் அவள் கேட்கவும் இல்லை. பாவம், மகன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் தரகர் வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு இடம், பையன் பேங்கில் வேலை, ஜாதகம் பொருந்திவிட்டது, ஆடி பிறக்குமுன் பார்த்துவிட்டுப் போகணும் என்கிறார்கள், நாளை மறுநாள் காலையில் வருகிறார்கள் என்றார். சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். அம்மாவும் மேசையைப் பார்த்தாள்.

“இத எடுத்து பொறவாசல்ல போடுல” என்றாள் அண்ணனிடம்.

“எடுக்க முடியாதும்மா. எடுத்தா மட்டம் போயிரும்.”

“ஒந் தங்கச்சி வாழ்க்கைய விட ஒனக்கு மட்டம் பெரிசா போச்சோ?”

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. நான்தான் நடுவில் புகுந்து, மேசை கிடக்கட்டும், சாப்பாட்டு மேசை என்று சொல்லிவிடலாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கும் சண்டை போடத் தெம்பு இல்லை. சரி என்றாள்.

அவர்கள் வருகிற அன்றைக்கு என்னைப் பின்னறையில் உட்கார்த்தி, பக்கத்து வீட்டு அக்காவை அலங்காரத்துக்கு விட்டாள். அண்ணன் பஸ் நிலையத்துக்கு அவர்களை அழைக்கப் போய்விட்டான். முன்கூடத்தில் அம்மா மட்டும்தான். அவள் என்ன செய்தாள் என்பது தட்டை எடுத்துக்கொண்டு நான் வாசல்படியைத் தாண்டினபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பழுப்புத் தாளைப் பிரித்து, அந்தத் துணியைக் கத்தரியால் வெட்டி, மேசை முழுவதும் விரித்திருந்தாள். உட்காருகிற பெஞ்சுகளிலும் மடித்துப் போட்டிருந்தாள். வெள்ளை வெளேர் என்று, பட்டு போல மினுமினுவென்று கிடந்தது. அதன்மேல் பஜ்ஜி, கேசரித் தட்டுகள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, சித்தி, தரகர் எல்லாரும் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை. அப்பா போனபிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் தூணோடு தூணாக நின்றுகொண்டு என்னையே பார்த்தான். அவர்களை அழைத்துக்கொண்டு அவன் உள்ளே நுழைந்து துணியைப் பார்த்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

“எம் மவன் துபாய்ல இருந்து கொண்டாந்த துணி” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா துணியைத் தடவிப் பார்த்து, வழுவழுவென்றுதான் இருக்கிறது என்றார். மேசை ஏன் இவ்வளவு நீளம், மூணு பேர்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டார். விருந்தாளி வந்தால் ஆகும் என்றாள் அம்மா. சாரல் காலம் என்றாலும் அன்றைக்குப் புழுக்கம். அவர் மேசையில் இருந்து தொங்கின துணியின் ஓரத்தை எடுத்து, சாவகாசமாகக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது. முதலில் அவர்தான் கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் தரகர் முழங்கையை. மாப்பிள்ளை கௌரவமாக அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் மணிக்கட்டைத் தொடையில் தேய்த்தார். நான் காப்பியை நீட்டும்போது ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது போல. சித்தியின் கண் என் மணிக்கட்டில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா காதில் அவர் ஏதோ சொன்னார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் சொறி என்ற வார்த்தை எல்லார் காதிலும் விழுந்தது.

கேசரியை வாயருகே கொண்டுபோன மாப்பிள்ளையின் அப்பா அதை அப்படியே தட்டில் திரும்ப வைத்தார். தரகர் அவசரமாக, வேர்க்குரு, இந்தப் பக்கம் புழுக்கம் ஜாஸ்தி என்றார். அம்மா அதே நேரத்தில், ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் வாயைத் திறந்தான். அம்மா அவனை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டான்.

எனக்கு அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சொறி பிடித்த வீடு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் கல்லிடைக்குறிச்சியில் இருந்து திருநெல்வேலி வரைக்கும் சாயங்காலத்துக்குள் போய்விடும். அப்புறம் எனக்கும் வரன் வராது, அண்ணனுக்கும் வராது. உண்மையைச் சொன்னால் இந்த இடம் போய்விடும். வயதுக்கு வந்த பெண் அண்ணனோடு சேர்ந்து பட்டறை வேலை செய்கிறாள் என்றால் யார் கட்டிக்கொள்வார்கள்? இதையெல்லாம் எடை போட்டுத்தான் நான் பேசினேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான். தட்டைப் பிடித்த கை வலித்தது. தட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

இது சொறி இல்லை, கண்ணாடி. நீங்கள் உட்கார்ந்திருப்பது கண்ணாடி நாரில் நெய்த துணி. அம்மாவுக்கு அது தெரியாது. இது சாப்பாட்டு மேசையும் இல்லை, நானும் அண்ணனும் விமானம் கட்டுவதற்குப் போட்ட மேசை. சொறியாதீர்கள், தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். பச்சைத் தண்ணீரில் கழுவினால் நார் போய்விடும். ஒரே மூச்சில் இவ்வளவும் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா, “என்னது, ஏரோப்ளேனா?” என்றார். ஆமாம் என்றேன். என்னமோ தோன்றி, நூல் கட்டி மட்டம் பார்த்ததையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அம்மா துணியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அரிப்புக்கு முன்னால் மானமாவது மரியாதையாவது. ஆண்கள் எல்லாரையும் அண்ணன் பின்வாசல் வழியாக வாய்க்காலுக்கு அழைத்துக்கொண்டு போனான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, இடுப்பில் எங்கள் வீட்டுத் துண்டோடு, கழுத்தளவு தண்ணீரில் அப்பாவுக்கும் தரகருக்கும் நடுவில் நின்றார். எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

பெண்கள் இருவருக்கும் புறவாசல் தொட்டியில் இருந்து நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். சித்தி கழுவிக்கொண்டு முணுமுணுத்தபடியே உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நின்றார். அதுவரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு, தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எத்தனையாவது எடம் பிள்ள ஒனக்கு?” என்றார்.

நான் எண்ணுவதில்லை என்றேன்.

“எனக்கும் எண்ணிக்க விட்டுப் போச்சு. ஊரு ஊராப் போயி பஜ்ஜியும் கேசரியும் தின்னு அலுத்துட்டு. அந்தப் பிள்ளையளோட மொகத்தப் பாக்க முடியல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் அலுக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றினதில்லை. அவரும் சிரித்தார். நான் அடுத்த செம்பை ஊற்றினபோது சொன்னார்.

“தப்பா எடுத்துக்கிடாத. நா வேண்டாம்னு சொல்லப் போறேன்.”

நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

“ஒங் கையப் பாத்து இல்ல. தட்டத் தூக்கிட்டு வந்தப்ப ஒரு மொகத்தோட வந்த. அந்த மேசயப் பத்திச் சொன்னப்ப வேற மொகம். எங்க வீட்டுக்கு வந்தா இந்த ரெண்டாவது மொகத்த வச்சிருக்க விடமாட்டாவ பிள்ள. நா வரும்போது தையல் மிஷினோட வந்தேன். சத்தம் கேக்குன்னு சொல்லி ஒரே மாசத்துல வித்துட்டாவ. எம் பையனும் அவுக அப்பாவ மாரியேதான். நல்லவந்தான், ஆனா சத்தம் ஆகாது.”

ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். என் கையைப் பற்றி அவர்கள் ஆட்கள் யாரும் வெளியில் பேசமாட்டார்கள், அது தன் பொறுப்பு என்றார். அப்புறம் ஈரக் கையால் என் இரண்டு கையையும் பிடித்து, ரவிக்கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, செம்பை வாங்கி எனக்கும் தண்ணீர் ஊற்றினார். இத்தனை நாளாக யாருக்கும் காட்டாமல் மூடி மூடி வைத்திருந்த கை. அதற்குப் பிறகு என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவர் அழாதே என்று சொல்லவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

போகும்போது மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நின்று, ப்ளேன் பறந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். கிண்டலா நிஜமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் தரகர் வந்து, ஜோசியர் திரும்பப் பார்த்ததில் ஏதோ தோஷம் தட்டுகிறதாம் என்றார். பொருத்தம் பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள் என்று அம்மா அழுதாள். அந்தத் துணியை விரித்த தன் கையைச் சுவரில் அடித்துக்கொண்டாள். அண்ணன் புறவாசலுக்குப் போய்க் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வந்தான். நான் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“இத ஒடைச்சா நாளைக்கே மாப்பிள்ள வந்து நிக்கப் போறானா? கொண்டு போயி வையிண்ணே” என்றேன். கொண்டுபோய் வைத்தான்.

அந்த மேசையில் வாலின் ஒரு பகுதி மட்டும்தான் உருவாயிற்று. அதற்குள் துபாயில் இருந்து திரும்ப அழைப்பு வந்து அண்ணன் போய்விட்டான். விமானம் பறக்கவில்லை. அடுத்த வருஷமும் என்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டு அரிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தச் சித்தியின் வாயை மாப்பிள்ளையின் அம்மா எப்படிக் கட்டினார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். வருகிறவர்கள் முன்னால் நான் முழுக்கை ரவிக்கை போடுவதை விட்டுவிட்டேன். இந்த மேசை என்ன என்று கேட்டால் என்ன என்று சொன்னேன். சிலர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். நூல் கட்டி மட்டம் பார்க்கிறது எப்படி என்று கேட்டு, அதைக் குனிந்தும் பார்த்த ஒருவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவரிடம்கூட அன்றைக்குப் புறவாசலில் நடந்ததைச் சொன்னதில்லை. நாளாக ஆக, துணி இல்லை, ஜாதகம்தான் காரணம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அந்த நம்பிக்கையோடே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பாளையங்கோட்டை அம்மாவைத் திரும்ப ஒருமுறை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் காலத்தில் என்னை வேண்டாம் என்றவர்கள் ரொம்பப் பேர். தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள், ஒரு வரி எழுதிப் போட்டார்கள், ஒன்றுமே சொல்லாமலும் இருந்தார்கள். என் முகத்துக்கு நேரே, என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காகவே என்னை வேண்டாம் என்று சொன்னது அவர் ஒருவர்தான்; அந்த வயதில் யாராவது என்னை வேண்டும் என்று சொல்லியிருந்தால்கூட என் மனசு அவ்வளவு நிறைந்திருக்காது.